கட்டிங் குடியில் சேருமா?

அறுபத்தாறு வயதில், ஒரு ஆஸ்பத்திரி வராந்தாவில், புடவைக் கொசுவத்தை ஒரு கையிலும் செய்தித்தாளின் குறுக்கெழுத்துப் பக்கத்தை மறு கையிலும் பிடித்துக்கொண்டு நான் ஓடினேன்.

ஆம், ஓடினேன்! மாடிப்படி ஏறுவதற்கே ஒருமுறை யோசிக்கிறவள்.

"யம்மா, மெதுவா! நீ உழுந்து வெச்சா உனுக்கும் ஒரு பெட்டு போடணும்!" என்று எதிரே ஸ்ட்ரெச்சர் தள்ளிக்கொண்டு வந்தவர் கத்தினார். நின்று பதில் சொல்ல நேரமில்லை. என் கையிலிருந்த காகிதத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதிய மூன்று வரிகள் இருந்தன. அவை டாக்டரின் கண்ணில் பட வேண்டும் - உடனே!

சென்ற மாதம் நடந்தது இது. எழுதும்போது இன்றும் கை பரபரக்கிறது. ஆகவே, கொஞ்சம் பின்னால் போய் நிதானமாகத் தொடங்குகிறேன்.

ஏழுமலையை எனக்குப் பதினெட்டு ஆண்டுகளாகத் தெரியும். கும்மிடிப்பூண்டியில் நான் கிளை நூலகராக இருந்த காலத்தில், காலை ஷிப்ட் முடிந்து மூன்று மணி வாக்கில் வருவார். தொழிற்பேட்டையில் ஒரு ரோலிங் மில்லில் கான்ட்ராக்ட் வேலை. பழுக்கக் காய்ந்து பாம்பு போல் சீறி வரும் இரும்புக் கம்பியை இடுக்கியால் கவ்விப் பிடித்து அடுத்த உருளைக்குள் செருக வேண்டும். ஒரு நொடி பிசகினால் கம்பி காலைச் சுற்றிவிடும். இருபத்தாறு ஆண்டுகள் அதைச் செய்தவர்.

அந்தக் கையோடு நேராக வந்து செய்தித்தாளைத் தொட மாட்டார். குழாயடியில் முழங்கை வரை கழுவி, லுங்கியில் துடைத்து, பிறகுதான் பிரிப்பார். பிரித்ததும் தேடுவது அரசியலும் இல்லை, சினிமாவும் இல்லை... குறுக்கெழுத்து!

"மேடம், பேப்பர்ல எழுதக் கூடாதுன்னு போர்டு போட்டுக்கீறீங்க. பென்சில்ல லேசா எழுதிக்கட்டா? அப்பறம் வர்றவரு அழிச்சிட்டு அவரு போட்டுக்கட்டும்."

சட்டத்துக்கும் ஆசைக்கும் இவ்வளவு அழகான சமரசத்தை யாரால் மறுக்க முடியும்? அனுமதித்தேன். ஒவ்வோர் எழுத்தும் கட்டத்தின் நட்டநடுவில் உட்கார்ந்திருக்கும். கோடு தொடாது. கம்பியை உருளைக்குள் செருகுகிற கை அல்லவா? குறி தப்பாது.

நான் ஓய்வு பெற்றேன். அவரை மில்லிலிருந்து நிறுத்தினார்கள். நிறுத்தியபோது அவருக்கு ஐம்பத்தாறு வயது. பி.எஃப்., மருத்துவ அட்டை என்று எதுவும் அவரோடு வெளியே வரவில்லை. ஒன்றே ஒன்று வந்தது - பாரம் தூக்கித் தூக்கி அடிவயிற்றில் இறங்கிய ஹெர்னியா. ஆறு ஆண்டுகள் அதைக் கோவணம் இறுக்கிக் கட்டிச் சமாளித்தார். இப்போது வயது அறுபத்திரண்டு. இனி தாங்காது, ஆபரேஷன்தான் என்று சொல்லிவிட்டார்கள்.

அவரும் அவர் மனைவி கன்னியம்மாவும் ஒரு திங்கட்கிழமை காலை என் வாசலில் வந்து நின்றார்கள். "ஆஸ்பத்திரில எதுனா எழுதச் சொன்னா எங்களுக்கு பேஜாரா பூடும். நீங்க கூட வாங்க லைப்ரரிம்மா" என்றாள் கன்னியம்மா. போனேன். எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே தேவையில்லை. நல்ல ஆஸ்பத்திரி, அவ்வளவு போதும்.

நர்ஸ் ஒரு படிவத்தை நீட்டினார். ஏழுமலை கண்ணாடியை மறந்து வந்திருந்தார். "நீங்களே எழுதிடுங்க மேடம். உங்க எழுத்து அச்சாட்டம் இருக்கும்."

பெயர், வயது, சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா என்று வரிசையாகக் கேட்டு எழுதிக்கொண்டே வந்தேன். பிறகு அந்தக் கேள்வி - 'மது அருந்தும் பழக்கம் உண்டா?'

வாசித்தேன். ஏழுமலை சட்டென்று நிமிர்ந்தார்.

"இன்னா மேடம் நீங்க... என்னப் பாத்தா குடிகாரன் மாதிரியா கீது?"

"அந்தப் பேச்சே இல்ல லைப்ரரிம்மா," என்று கன்னியம்மா குறுக்கே வந்தாள். "எங்க தெருவுல கீறானுங்க நாலு பேரு. ரோட்ல உழுந்து கெடப்பானுங்க. அவனுங்களக் கண்டா இவரு ஒரு வார்த்த பேச மாட்டாரு."

பதினெட்டு ஆண்டுப் பழக்கம். ஒருநாள்கூட அவர் தள்ளாடி நான் பார்த்ததில்லை. எழுதினேன்: 'இல்லை.' முத்து முத்தாக, அடியில் ஒரு புள்ளியும் வைத்து!

அந்த 'இல்லை' என் கையெழுத்தில் இருந்தது. அதைத்தான் இந்த ஒரு மாதமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அன்றே வார்டில் சேர்த்துக்கொண்டார்கள். ஆபரேஷன் புதன்கிழமை காலை என்றார்கள். நடுவில் செவ்வாய். அன்று பதினொன்றரை மணிக்கு, அன்றைய பேப்பரோடு வார்டுக்குப் போனேன். கன்னியம்மா வெந்நீர் வாங்கப் போயிருந்தாள். ஏழுமலை கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மின்விசிறி நேர் மேலே ஓடியும் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது.

"குறுக்கெழுத்து கொண்டுவந்திருக்கிறேன்" என்றேன். முகம் மலர்ந்தது. கன்னியம்மா வீட்டிலிருந்து எடுத்து வந்திருந்த கண்ணாடியை மாட்டினார். பென்சிலை வாங்கினார்.

முதல் எழுத்து கட்டத்தைத் தாண்டியது. இரண்டாவது கோட்டின் மேல் ஏறியது. மூன்றாவது எழுத்தே இல்லை, வெறும் கிறுக்கல். பென்சில் முனை காகிதத்தைக் குத்திக் கிழித்தது. கை அப்படி நடுங்கியது.

ஏழுமலை காகிதத்தை முகத்தருகே கொண்டுபோய் 'ப்பூ' என்று ஊதினார்.

"கட்டத்துக்குள்ள எறும்பு பூந்துக்கினு கீது மேடம். எங்க எழுதறது?"

நான் பார்த்தேன். எறும்பு இல்லை.

மறுபடி ஊதினார். விரலால் தட்டிவிட்டார். போர்வையிலும் ஏதோ பொறுக்கி எறிந்தார்.

நர்ஸை அழைத்தேன். "நேத்துலேருந்தே வேர்த்துக்கினு கீறாருமா. ஆபரேஷன் பயம்னு நெனைக்கிறேன். பல்ஸ் ஜாஸ்தின்னு டாக்டர் கிட்ட சொல்லிட்டேன். ஜுரம் இருக்கான்னு பாத்துக்கினே இருக்கச் சொன்னாங்க" என்றார் அவர். அவர் மேல் என்ன குற்றம்? படிவத்தில் எல்லாமே 'இல்லை'.

ஆனால்... பயமா? சீறிவரும் நெருப்புக் கம்பியை இருபத்தாறு வருடம் எதிர்கொண்ட கை, ஓர் ஊசிக்கா இப்படி நடுங்கும்?

அந்த நேரம் பார்த்து ஒரு விருந்தாளி வந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கையில் பன் பாக்கெட். முனிரத்தினம். ஊருக்கு மேற்கே சொந்த நிலத்தில் நெல் போடுகிறவர். நூலகத்து வாசலில் அவர் டிராக்டர் போவதைப் பார்த்திருக்கிறேன். ஏழுமலையின் அப்பா ஒரு காலத்தில் இவர் வீட்டு வயலில் நாற்று நட்ட கூலியாள். இன்றும் இந்த இரண்டு குடும்பங்களும் ஒருவர் வீட்டில் ஒருவர் கை நனைத்ததாகக் கேள்விப்பட்டதில்லை. இவருக்கு இங்கே என்ன வேலை?

"இன்னா நைனா, ராஜா மாதிரி படுத்துக்கினுகீற! நேத்து சாய்ந்தரம் உன்னால நான் பட்ட பேஜாரு கீதே..." என்று உரக்கத் தொடங்கியவர், என்னைப் பார்த்ததும் குரலைத் தணித்தார். "கட்டிங்குக்கு ஆளே கெடைக்கல நைனா. அர மணி நேரம் நின்னேன்."

கட்டிங்!

இந்தச் சொல்லை அறியாத வாசகர் யாரேனும் இருந்தால் அவர் கொடுத்து வைத்தவர். எங்கள் ஊரில் முன்னொட்டு இல்லாமல் 'கடை' என்றால் அது ஒரே கடைதான். மத்தியானம் பன்னிரண்டு மணிக்குத் திறக்கும். அங்கே கிடைப்பதில் சிறிய பாட்டில், மூன்று பெக் கொள்ளும் குவார்ட்டர். அதை இருவர் சேர்ந்து வாங்கிப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டால், ஆளுக்கு ஒரு கட்டிங். துணை தேடி வாசலில் நிற்பவர்கள் போகிறவர் வருகிறவரைப் பார்த்து மெல்லிய குரலில் 'கட்டிங்... கட்டிங்?' என்பார்கள். சம்மதித்தவர் பார்ட்னர். அதற்கு ஒரு நியாயமும் உண்டு. ஒருவர் இரண்டு கிளாஸில் ஊற்றினால், மற்றவர்தான் முதலில் எடுக்க வேண்டும். ஊற்றுகிறவர் ஒரு சொட்டும் ஏமாற்ற முடியாது. வீட்டு வாசலில் தீராத வித்தியாசமெல்லாம் அந்தக் கிளாஸ் மட்டத்தில் தீர்ந்துவிடுகிறது!

"தினமும் உண்டா?" என்று முனிரத்தினத்திடம் கேட்டேன்.

அவர் தலையைச் சொறிந்தார். "ஆறு வருசமா உண்டும்மா. மில்லு வேல போனதுலேருந்து. சாய்ந்தரம் ஒரே ஒரு கட்டிங். அதுக்கு மேல இவரு ஒரு சொட்டு தொட மாட்டாரு. நான் காரண்டி."

"குடிப்பழக்கம் இல்லை என்று எழுதச் சொன்னாரே..."

"கட்டிங் எப்பிடிம்மா குடியில சேரும்?" அவர் நிஜமாகவே குழம்பினார். "முழு குவார்ட்டர ஒண்டியா அடிக்கிறவன் குடிகாரன். பங்கு போட்டுக்கினா அது ஒரு... ஒரு டீ மாதிரி."

ஏழுமலை தலையசைத்து ஆமோதித்தார். போர்வையில் எறும்பு பொறுக்கிக்கொண்டே!

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அந்த நிலையிலும். வாழ்நாளெல்லாம் அகராதிகளோடு இருந்தவள் நான். 'குடி'க்கு எத்தனை பொருள் என்று கேட்டால் வரிசையாகச் சொல்வேன். கட்டிங் அதில் சேராது என்பது எனக்குத் தெரியாமல் போயிற்றே.

ஆனாலும் ஒரு கட்டிங்குக்கா இந்த நடுக்கம்? கணக்கு இடித்தது.

ஏழுமலை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். திடீரென்று காலைத் தொங்கப்போட்டு எதையோ துழாவினார்.

"மணி பன்னண்டாச்சு. தாவீது கேட்டாண்ட நின்னுக்கினு இருப்பான்... என் செருப்பு எங்க?"

"தாவீதா?" என்றார் முனிரத்தினம். "எந்தத் தாவீது?"

அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! ஆறு வருட நம்பிக்கை கண்ணெதிரே நொறுங்கிய முகம்.

தலையணைக்கு அடியில் ஏழுமலையின் பட்டன் போன் இருந்தது. எடுத்துத் தேடினேன். தாவீது வாச்மேன் என்று ஒரு பெயர். அழைத்தேன். ஒரே ரிங்.

"ஸ்தோத்திரம் பிரதர்! எங்க கீற? கட தொறந்து பத்து நிமிசம் ஆச்சு, நேத்தும் வரல..."

"நான் பிரதர் இல்லை. நூலக அம்மா பேசுகிறேன். ஏழுமலை ஆஸ்பத்திரியில் இருக்கிறார்."

"கர்த்தரே... இன்னா ஆச்சுக்கா?" என்றார்.

"நீங்கள் இருவரும் தினமும் சந்திப்பதுண்டா?"

"மத்தியானம் மட்டும்க்கா. கம்பெனி கேட்டுல டூட்டி மாத்துற நேரம். ஒரே ஒரு கட்டிங். சபைக்குப் போறவன், பொய் சொல்ல மாட்டேன். பிரதரு அதுக்கு மேல தொடவே மாட்டாரு. சாய்ந்தரமெல்லாம் கெடையவே கெடையாது. நான் காரண்டி."

ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். முனிரத்தினம் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "மத்தியானத்துல வாசனையே ஆவாதுன்னு சொல்லிக்கினு இருந்தியே நைனா!"

இரண்டு காரண்டிகள்! இருவரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு கட்டிங்தான் தெரியும்.

குறுக்கெழுத்தின் ஓரத்தில் பென்சிலால் இரண்டு வரி எழுதினேன்: மத்தியானம் ஒரு கட்டிங், மாலை ஒரு கட்டிங்.

அப்போது கன்னியம்மா பிளாஸ்க்கோடு வந்தாள். "இன்னா கும்பலு?" என்றாள். முனிரத்தினம் தரையைப் பார்த்தார். நான் சொன்னேன், இருவர் சொன்னதையும். அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். படவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தாள். பிளாஸ்க்கின் மூடியைத் திருகினாள், திறந்தாள், மறுபடி மூடினாள்.

"கன்னியம்மா... காலையில்?"

"அது குடி இல்ல லைப்ரரிம்மா." குரல் மிகச் சின்னதாக இருந்தது. "அது மருந்து."

நான் பென்சிலைக் கீழே வைத்தேன். காத்திருந்தேன்.

"எழுந்தா கை ஆடும். சட்ட பட்டன் போட வராது. டம்ளரு புடிக்க வராது. ஒரு நாளு உட்டு ஒரு நாளு அவரே ஒரு குவார்ட்டரு வாங்கியாந்து என் கையில குடுப்பாரு. அரிசி டப்பாவுக்குப் பின்னால வெச்சிருப்பேன். காலைல ஆறு மணிக்குப் பாதி ஊத்திக் குடுப்பேன். குட்ச்சிட்டா அர மணில கை நின்னுடும். அப்பறம் தான் நாஷ்டா எறங்கும். நானே அளந்து ஊத்தறேன்... ஒரு சொட்டு மேல குடுக்க மாட்டேன்."

மூன்றாவது பார்ட்னர்!

"நேற்றுக் காலை கொடுத்தாயா?"

"குடுத்தேன். ஆறு மணிக்கு."

"இன்று?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் கள்ளம் துளியும் இல்லை.

"ஆஸ்பத்திரில மருந்து அவங்களே குடுப்பாங்கல்ல... அதான் கொண்டாரல."

மூன்றாவது வரியை எழுதினேன்: காலை ஒரு கட்டிங். அடியில் கோடிட்டுக் கூட்டினேன். ஒன்றரை குவார்ட்டர், தினமும், ஆறு ஆண்டுகளாக. நேற்றுக் காலை ஆறு மணிக்குப் பிறகு - சுத்தமாக ஒன்றுமில்லை. நாளைக் காலை ஆபரேஷன்.

அப்போதுதான் ஓடினேன்.

டாக்டர் ஓர் இளம்பெண். ஆர்.கே.பேட்டைப் பக்கத்து விவசாயக் குடும்பம் என்று பிறகு சொன்னார். புற நோயாளிகள் வரிசையைத் தாண்டிப் போய்க் காகிதத்தை மேசையில் வைத்தேன். மூச்சு வாங்கியதில் எனக்குப் பேச்சு வரவில்லை. அவர் குறுக்கெழுத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஓரத்து வரிகளைப் பார்த்தார்.

"மூணு கட்டிங்கா? யாருக்கு?"

"ஏழுமலை... ஹெர்னியா... நான்தான் 'இல்லை' என்று எழுதினேன்."

"கடைசியா எப்ப?"

"நேற்றுக் காலை ஆறு மணி."

"முப்பது மணி நேரம் தாண்டிடுச்சு!" என்று எழுந்தவர், எனக்கு முன்னால் ஓடினார்.

பிறகு நடந்தவை எல்லாம் மிக வேகம். ஊசி, டிரிப், வைட்டமின். கட்டிலை நர்ஸ் மேசைக்கு அருகே இழுத்துப் போட்டார்கள். ஆபரேஷன் தள்ளிவைக்கப்பட்டது. தினமும் குடித்துப் பழகிய உடம்பில் அது திடீரென்று நின்றால் மூளை கட்டுக்கடங்காமல் துள்ளும், வலிப்பு வரலாம், உயிரும் போகலாம் என்று டாக்டர் விளக்கினார். "தெரியாம நாளைக்கு டேபிள்ல ஏத்தியிருந்தா..." என்றவர் வாக்கியத்தை முடிக்கவில்லை.

அடுத்த இரண்டு நாட்கள் ஏழுமலை எங்களோடு இல்லை. மில்லில் இருந்தார். "எட்டு எம்எம் கம்பி வருது! தள்ளிக்க! கால எடு!" என்று கத்தி, இல்லாத இடுக்கியால் இல்லாத கம்பியைப் பிடித்தார். கன்னியம்மா அந்தக் கையை விடவே இல்லை. "புட்ச்சிட்டேன், நான் புட்ச்சிட்டேன், நீ உடு" என்று பதில் சொல்லிக்கொண்டே இருந்தாள். முனிரத்தினமும் தாவீதும் வார்டு வாசலில், இரண்டு பக்கமும் இரண்டு தூண்கள் போல நின்றார்கள். முதல் நாள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. இரண்டாம் நாள் ஒரே பன்னைப் பிய்த்துப் பாதிப் பாதியாகத் தின்றார்கள்.

வெள்ளிக்கிழமை காலை போனேன். ஏழுமலை தலையணையில் சாய்ந்திருந்தார். கண் தெளிவாக இருந்தது.

"பேப்பர் எங்க மேடம்?"

கொடுத்தேன். பென்சிலை வாங்கினார். மெதுவாக, மிக மெதுவாக, ஓர் எழுத்து கட்டத்துக்குள் இறங்கியது. கோடு தொடவில்லை!

"எறும்பெல்லாம் பூட்ச்சி மேடம்" என்றார்.

அந்த வார்டில் நான் கைதட்டியதை நர்ஸ் மன்னித்துவிட்டார்.

இரண்டு வாரம் கழித்து ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. இதோடு நான் நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஒரு கேள்வி விடவில்லை.

சென்னையில் என் அண்ணன் இருக்கிறார். எழுபத்து நான்கு வயது. பெரிய கம்பெனியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தினமும் மாலை பால்கனியில் உட்கார்ந்து குடிப்பார். அவர் கணக்கில் இரண்டு பெக், அண்ணி கணக்கில் நான்கு. அண்ணியை நம்பினால், ஏழுமலைக்கு அவர் அதிகம் பின்தங்கியவர் அல்ல! ஆனால் அவரை யாரும் குடிகாரர் என்பதில்லை. 'சோஷியல் டிரிங்க்கர்' என்கிறார்கள். எனக்கு இங்கேதான் புரியவில்லை. ஏழுமலையும் தனியாகக் குடித்ததே இல்லையே? அவரைவிட சோஷியல் யார்?

அண்ணனுக்கு வருடம் தவறாமல் முழு உடல் பரிசோதனை. டாக்டர் சிரித்துக்கொண்டே "எத்தனை பெக் சார்?" என்கிறார், அண்ணனும் சிரித்துக்கொண்டே பாதியைச் சொல்கிறார். டாக்டர் இரட்டிப்பாக்கி எழுதிக்கொள்கிறார். கல்லீரலில் கொழுப்பு சேர்ந்தது ஐந்து வருடத்துக்கு முன்பே தெரிந்துவிட்டது. தட்டில் பாதாமும் மீனும் காய்கறியும் உண்டு. தடுக்கி விழுந்தால் கீழே நாலு மெத்தை விரித்திருக்கிறது.

ஏழுமலை வெறும் வயிற்றில் குடித்தார். மில் நாட்களில் எப்போதாவது, நெருப்பில் வெந்த உடம்பின் சூடு இறங்க என்று தொடங்கி, வேலை போனபின் தினமும் வலி மறக்க என்று தொடர்ந்து, கை நிற்க என்று வந்து முடிந்தார். 'உண்டா?' என்று யாரேனும் கேட்டால், அந்தக் கேள்விக்குள் தெருவில் விழுந்து கிடப்பவன் ஒருவன் தெரிந்தான். நான் அவன் இல்லை என்று சொல்வதற்காகவே அவர் 'இல்லை' என்றார். அது பொய் அல்ல, மானம். அவருக்குக் கீழே மெத்தை இல்லை, தரைதான்.

தொழிற்பேட்டைச் சாலையில் போகும்போது சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர்களைப் பார்க்கிறேன். படத்துக்குக் கீழே வயது போடுவார்கள். ஐம்பத்து நான்கு, ஐம்பத்தெட்டு, அறுபத்தொன்று... அண்ணனின் அடுக்குமாடி அறிவிப்புப் பலகையில் இந்த மாதம் ஒட்டியிருந்தது ஒருவருடைய எண்பதாம் கல்யாண அழைப்பு. பாட்டிலில் இருப்பது ஒன்றுதான். அது இறங்குகிற உடம்புக்குப் பின்னால் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பதில்தான் இருக்கிறது ஆயுள்.

(இடையில் ஒரு வார்த்தை, அக்கறையோடு. உங்கள் வீட்டில் தினமும் குடிக்கிற பெரியவர் யாரேனும் இருந்தால், 'இன்றோடு நிறுத்து' என்று சத்தியம் வாங்கி அறையில் பூட்டாதீர்கள். டாக்டரிடம் அழைத்துப் போங்கள். அளவைச் சொல்லுங்கள், முழு அளவை.)

அந்த இளம் டாக்டரிடம் இதையெல்லாம் சொல்லிப் புலம்பினேன். அவர் ஒரு வெள்ளை அட்டையை எடுத்தார், ஸ்கெட்ச் பேனாவால் எழுதித் தன் மேசையில் நிறுத்தினார்: 'கட்டிங் உண்டா? காலையா, மத்தியானமா, சாயந்தரமா? யாரோடு?'

"படிச்ச புத்தகத்துல இந்த வார்த்தை இல்லைம்மா" என்று சிரித்தார். மறுநாள் போனில் கூவினார்: "அம்மா! வந்தவங்க எல்லாம் பட்டுப் பட்டுன்னு சொல்றாங்க! 'உண்டு டாக்டர், ரெண்டு'ன்னு விரலைக் காட்டறாங்க!" சரியாகக் கேட்கப்பட்ட கேள்விக்குத்தான் எத்தனை பலம்!

ஏழுமலை இப்போது செவ்வாய்தோறும் அவரிடம் போகிறார். மாத்திரை சாப்பிடுகிறார். 'இன்றைக்கு இல்லை' என்று மட்டும் சொல்கிறார், நாளையைப் பற்றிப் பேசுவதில்லை. கன்னியம்மா அரிசி டப்பாவை நகர்த்தி அதன் பின்னால் இருந்ததை எனக்குக் காட்டினாள். சத்துமாவுப் பாட்டில் இருந்தது.

ஆனால் அவள் இன்னொன்றும் சொன்னாள், வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டே. பார்ட்னரை இழந்த இருவர் இருந்தார்கள் அல்லவா? ஆஸ்பத்திரி வாசலில் பன்னைப் பிய்த்துத் தின்றவர்கள்? அவர்கள் இப்போது ஒருவருக்கொருவர் பார்ட்னராம். மத்தியானமும், சாயந்தரமும்!

சிரித்தேன். பிறகு வயதைக் கணக்குப் போட்டேன். தாவீதுக்கு வயது அறுபது. முனிரத்தினத்துக்கு அதற்கும் மேல்.

போன ஞாயிற்றுக்கிழமை அழைப்பு மணி அடித்தது. திறந்தேன். ஏழுமலை, இஸ்திரி போட்ட சட்டையில். பட்டன் எல்லாம் ஒழுங்காகப் போட்டிருந்தார். அவருக்குப் பின்னால், பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்ட பிள்ளைகளைப் போல, ஒரு வெள்ளை வேட்டியும் ஒரு வாச்மேன் யூனிஃபார்மும்.

"செவ்வாய்க்கெழம இவங்களையும் இட்டுக்கினு போறேன் மேடம். ரெண்டு பேரும் குடிக்கவே மாட்டாங்களாம்... கட்டிங் மட்டும்தானாம்!"

ஒரு காகிதத்தை நீட்டினார். பென்சிலில் வரிவரியாக, நடுங்காத எழுத்து. அடியில் ஒரு கோடு.

"நான் கூட்டிட்டேன். நீங்க ஒருவாட்டி சரி பாருங்க மேடம்."